சூப்பர் மீட்டியோர் 650: இரண்டு பேர், ஒரு பை, நாளுக்கு 500 கி.மீ. – முதுகு தாங்குமா?

தார்ச்சாலை_மணி
நேராகக் கேள்விக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கன்னியாகுமரி, குடகு, ஹம்பி மாதிரி தூரங்களுக்கு ஒரு க்ரூசர் (தாழ்ந்த சீட்டில், கால் முன்னால் நீட்டி ஓட்டும் பைக்) வேண்டும். என் எடை 78 கிலோ. பின்னால் மனைவி, அதோடு 15 கிலோ சாமான். நாளுக்கு 450 முதல் 500 கி.மீ., வேகம் 90-100. அதற்கு மேல் விரட்டும் ஆசை இல்லை. ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியோர் 650, அதிலும் செலஸ்டியல் என்ற மேல் ரகத்தின் மேல்தான் கண். யூடியூபில் பாதிப் பேர் சோஃபா என்கிறார்கள், மீதிப் பேர் இடுப்பு போச்சு என்கிறார்கள். யார் சொல்வது சரி? வாங்கினால் எதை முதலில் மாற்ற வேண்டும்?

சாக்_கணக்கு
இரண்டு கோஷ்டியும் சொல்வது சரிதான் மணி. எந்த ரோட்டில் என்பதை மட்டும் இரண்டு பேருமே சொல்வதில்லை. கிருஷ்ணகிரி முதல் மதுரை வரை என்எச் 44-இல் அது சோஃபாதான். அதே வண்டியை ஒட்டுப்போட்ட மாநிலச் சாலையில் இறக்கினால் இரண்டாவது கோஷ்டி ஜெயிக்கும்.

காரணம் எஞ்சின் இல்லை. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ், 5,650 ஆர்பிஎம்மில் 52.3 நியூட்டன் மீட்டர். ஆறு கியர். ஆறாவதில் 100-இல் போகும்போது அலட்டிக்கொள்ளாது. லாரியைத் தாண்டக் கியர் இறக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் வராது. இந்த விலையில் இதைவிட நல்ல டூரிங் எஞ்சின் இங்கே இல்லை என்பேன்.

சிக்கல் பின் சக்கரத்தில். முன்னால் 43 மி.மீ. ஷோவா தலைகீழ் ஃபோர்க் (முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன்), மேலும் கீழும் 120 மி.மீ. அசைவு, நல்ல வேலைப்பாடு. பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர், அசைவு 101 மி.மீ. மட்டும். உட்கார்ந்ததுமே அதில் 30 மி.மீ. போய்விடும். மிச்சம் 70. அந்த 70-க்குள் பெரிய குழி, சின்னப் பள்ளம், வேகத்தடை எல்லாவற்றையும் விழுங்க வேண்டும். ஷாக் முழுதாக அமுங்கி அடி தட்டாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கடினமாக வைத்தே ஆக வேண்டும். வைத்தால் சின்னச் சின்ன மேடுகள் அப்படியே மேலே வரும். இரண்டு பேர் ஏறினாலோ கடினமும் போதாமல், பெரிய குழியில் அடி தட்டும். குட்டை ஷாக் போட்ட எல்லா க்ரூசருக்கும் இதே கதிதான். கவாஸாகி வல்கன் எஸ்-இல் பின்னால் 80 மி.மீ.தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோடு உட்காரும் வாகும் சேர்கிறது. கால் முன்னால் நீட்டியிருப்பதால் உடம்பின் எடையை முழங்கால் வாங்காது. நேரே பிட்டத்துக்கும் வால் எலும்புக்கும் இறங்கும். அட்வென்சர் வண்டியில் குழியைப் பார்த்ததும் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றுவிடலாம். இதில் நிற்க முடியாது. ஷாக் விட்டதை முதுகுதான் வாங்க வேண்டும்.

முந்நூற்றைம்பது
90-100 போதும் என்றால் அதே கம்பெனியின் சின்ன வண்டி மீட்டியோர் 350 ஏன் கூடாது? 191 கிலோ, 15 லிட்டர் டேங்க், சென்டர் ஸ்டாண்ட் கூடவே வருகிறது. வரிக்கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18%, அதற்கு மேல் 40%. 349 சிசி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. 2023 ஜனவரியில் 650 வந்தபோது அடிப்படை ரகமான ஆஸ்ட்ரல் 3.49 லட்சம், செலஸ்டியல் 3.79 லட்சம், சென்னை ஷோரூம் விலை. அந்தப் பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது ஷோரூம் பக்கம் போகாதீர்கள்.

சாக்_கணக்கு
தனியாள் என்றால் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. இவர் இரண்டு பேர், 15 கிலோ சாமான் என்கிறார். 350-இல் இருப்பது 20 குதிரை, 27 நியூட்டன் மீட்டர். இந்தச் சுமையோடு 90 என்றால் எஞ்சின் நாள் முழுக்கத் தன் எல்லையை ஒட்டியே ஓட வேண்டும். எதிர்க்காற்று அடித்தாலோ, தொப்பூர் மாதிரி ஏற்றம் வந்தாலோ கியர் இறக்கியே தீர வேண்டும். 80-இல் போகத் தயார் என்றால் 350 போதும். 100 என்றால் 650.

பின்சீட்_பார்வை
பின்னால் உட்காருகிறவர் பற்றி யாரும் பேசவில்லையே. செலஸ்டியலில் அகலமான பின் சீட், முதுகுச் சாய்மானம், முன்னால் விண்ட்ஸ்கிரீன் எல்லாம் வருகின்றன. சாய்மானம் ஆடம்பரம் இல்லை மணி அண்ணா. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை த்ராட்டில் முறுக்கும்போதும் பின்னால் இருப்பவர் வயிற்றை இறுக்கி, கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 200 கி.மீ.க்குள் தோள் கழன்றுவிடும்.

ஆனால் ஷாக்கின் அடியைச் சாய்மானம் தடுக்காது. பின்னால் இருப்பவர் கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் அச்சான ஆக்சிலுக்கு மேலேயே உட்கார்கிறார். ஓட்டுகிறவருக்குக் குலுக்கலாகத் தெரிவது அங்கே குத்தாக வரும். குழியை முன்னாலேயே பார்க்க முடியாததால் உடம்பு அதற்குத் தயாராகவும் இருக்காது. இன்டர்காம் இருந்தால் "மேடு" என்று ஒரு சொல் சொல்லுங்கள், இல்லையென்றால் இடது கையால் முழங்காலில் ஒரு தட்டு. விலை உயர்ந்த சீட் கவரைவிட இது வேலை செய்யும்.

நிறுத்தங்களையும் பின் சீட்டை வைத்தே முடிவு செய்யுங்கள். 80-100 கி.மீ.க்கு ஒரு முறை பத்து நிமிடம், இறங்கி நடக்க வேண்டும். பெட்ரோல் போடும்போது வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது ஓய்வு ஆகாது.

தார்ச்சாலை_மணி
இது வீட்டில் காட்ட வேண்டிய பதிவு. சரி, ஷாக்கை மாற்றியே ஆக வேண்டுமா, இருப்பதைத் திருகிச் சரிசெய்யலாமா?

சாக்_கணக்கு
முதலில் அளந்து பாருங்கள். வாங்கியதும் ஷாக்கை மாற்றிவிட்டு, அதையும் தவறான ப்ரீலோடில் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு) ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

பின் ஆக்சிலின் மையத்துக்கு நேர் மேலே, ஃபெண்டரில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறி போடுங்கள். முதல் அளவு, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி ஷாக் முழுதாக நீண்ட நிலையில். சூப்பர் மீட்டியோரில் சைட் ஸ்டாண்ட் மட்டும்தான், வண்டியோ 241 கிலோ. அதனால் இதை ஒர்க்ஷாப்பில் ஃப்ரேமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் செய்வதே புத்திசாலித்தனம். இரண்டாம் அளவு, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு நீங்கள் உட்கார, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்த நிலையில். மூன்றாவது, மனைவியும் சாமானும் ஏறியபின். முதலுக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் 30 மி.மீ. பக்கம் இருந்தால் தனியாக ஓட்ட நல்ல அமைப்பு. முதலுக்கும் மூன்றாவதுக்கும் 40-ஐத் தாண்டினால் ப்ரீலோடை ஏற்றுங்கள். டூல்கிட்டில் வரும் கொக்கி ஸ்பேனர் போதும். இரண்டு பக்க ஷாக்கும் ஒரே படியில் நிற்க வேண்டும், இதைச் சரிபார்க்காமல் எழுந்திருக்காதீர்கள். கடைசிப் படியிலும் 45-க்குக் கீழே வரவில்லை என்றால் உங்கள் சுமைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. அப்போதுதான் புது ஷாக் பற்றிய பேச்சு.

ஒரு தவறான எண்ணம் எல்லா இடத்திலும் ஓடுகிறது, "ப்ரீலோடை ஏற்றினால் ஷாக் கெட்டியாகிவிடும்" என்று. ஆகாது. ஸ்பிரிங்கின் கடினம் அதேதான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. மிஞ்சிய அசைவு கூடுவதால் அடி தட்டுவது குறையும். இரண்டு பேருக்கு ஏற்றிய ப்ரீலோடில் தனியாக ஓட்டினால், மேடு தாண்டியதும் ஷாக் மேல் எல்லையில் போய் 'டக்' என்று முட்டும். அந்தச் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு படி இறக்குங்கள்.

புது ஷாக் வாங்கினால் ஓட்டுகிறவர், பின்னால் இருப்பவர், சாமான் மூன்றின் எடையையும் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங் கேளுங்கள். ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகம், அதைத் திருகி மாற்றும் வசதி இருக்கட்டும். நீளத்தைக் கூட்டும் ஆசை வந்தால் 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பின்பக்கம் உயர்ந்தால் சைட் ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும், செயின் தொய்வும் மாறும், ஹேண்டில் திருப்பத்தின் நிதானமும் கெடும்.

ஸ்பேனர்_செட்
சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கப்பா. பாதி 'ஹார்ட்னஸ்' புகார் அங்கேதான் தீர்கிறது. பங்க்கில் கேட்காமலேயே 40 அடித்துவிடுகிறார்கள். கையேட்டில் தனியாளுக்கு ஒன்று, இரண்டு பேருக்கு ஒன்று என்று இருக்கும். சொந்த கேஜ் வைத்துக்கொண்டு, காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வெயிலில் 100 கி.மீ. ஓடிய டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் குறைந்து நிற்கும்.

முன்னால் 19 அங்குலம், பின்னால் 16 அங்குலம், இரண்டும் அலாய், ட்யூப்லெஸ். பங்க்சர் கிட், சின்னக் காற்று பம்ப் இரண்டும் பையில் இருந்தால் ஆணி ஏறினாலும் பதினைந்து நிமிட வேலை. ராயல் என்ஃபீல்டின் இன்னொரு 650 ஆன இன்டர்செப்டரைக் கம்பி வீலோடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

செயின் விஷயம். 500 கி.மீ.க்கு ஒரு முறை ஸ்பிரே, மழையில் ஓடினால் அன்று மாலையே. ஓடி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது, கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாக, இரண்டு ஓரத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வரிசையிலும் அடிக்க வேண்டும். இரவு முழுக்க நின்றால் ஊறிப் பிடித்துக்கொள்ளும். காலையில் அடித்துவிட்டுக் கிளம்பினால் பாதி அலாய் வீலில்தான் இருக்கும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாததால் லாட்ஜ் வாசலில் வண்டியை அரை மீட்டர் அரை மீட்டராக உருட்டி அடிப்பது எளிது. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியோடு செயினைத் துடைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். விரலைத் துணியோடு இழுத்து ஸ்ப்ராக்கெட் பல்சக்கரத்தில் கொடுத்துவிடும்.

தொய்வு பார்க்கும்போது ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சக்கரத்தைச் சுற்றி, எங்கே அதிகம் இறுக்கமோ அங்கே கையேட்டின் அளவு வர வேண்டும். இரண்டு பேர் ஏறினால் செயின் இன்னும் இறுகும். டைட்டாக வைத்துத் தூரம் போனால் கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்தான் விலை கொடுக்கும்.

ஆயில் 10டபிள்யூ-50, செமி சிந்தெடிக். அளவு பார்க்கும்போது வண்டி நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்துவிட்டு "ஆயில் குறையுது" என்று மேலே ஊற்றியவர்கள் ஏராளம். டேப்பெட் திருகி அட்ஜஸ்ட் செய்யும் வகை என்பதால் வால்வு வேலை சுலபம். வல்கனில் ஷிம் வகை, அதாவது சின்னத் தகடுகளை மாற்றி இடைவெளியைச் சரிசெய்வது, கூலி அதிகம்.

கொண்டைஊசி_40
மலை ஏறும் உத்தேசம் இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. இந்த வண்டியின் வீல்பேஸ் (இரண்டு சக்கர அச்சுக்கும் இடையே தூரம்) 1,500 மி.மீ., தரை இடைவெளி 135 மி.மீ. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது கொண்டை ஊசிதான் குறுகல். உங்கள் லேனின் வலது விளிம்பு வரை அகலமாக நுழைந்து, பார்வையை வெளியேறும் இடத்தில் வைத்து, பின் ப்ரேக்கை லேசாக இழுத்தபடி முதல் கியரில் திரும்புங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதந்து போனால் இத்தனை எடை உள்பக்கம் விழப் பார்க்கும். வலது வளைவில் வேகம் கூடினால் ஃபுட்ரெஸ்ட் உரசும். அது எச்சரிக்கை மணி, அதற்குப் பின்னால் உரசுவது மடங்காத இரும்பு.

இறக்கத்தில் இரண்டாவது கியர், எஞ்சின் பிடிப்பு. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 400 கிலோ பக்கம் இறங்குகிறது. முன்னால் ஒரே டிஸ்க், 320 மி.மீ. பின் டிஸ்க் 300 மி.மீ. க்ரூசரில் எடை பின்பக்கம் அதிகம் என்பதால் பின் ப்ரேக்குக்கு உண்மையிலேயே வேலை உண்டு. ஆனால் காலை அதிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் ப்ரேக் எண்ணெய் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

ஊர் எல்லை வேகத்தடைகளில் 135 மி.மீ. நிச்சயம் காலை வாரும். தடைக்கு முன்பே வேகத்தை நடை வேகமாக்கி, ஏறும் கணத்தில் ப்ரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்தபடி ஏறினால் ஃபோர்க் அமுங்கியே இருக்கும், அடிப்பகுதி தட்டும். இடம் இருந்தால் கொஞ்சம் கோணமாக ஏறுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மேடு சிக்குவது குறையும்.

தார்ச்சாலை_மணி
செலஸ்டியலோடு வரும் விண்ட்ஸ்கிரீன் எப்படி? சிலர் ஹெல்மெட் ஆடுகிறது என்கிறார்களே.

சாக்_கணக்கு
கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிய காற்று எங்கே விழுகிறது என்பதுதான் விஷயம். மார்பில் விழுந்தால் சுகம். ஹெல்மெட்டின் நடுவில் விழுந்தால் தலை நாள் முழுக்க நடுங்கும், மாலையில் கழுத்து வலி. ஒரே கண்ணாடி ஐந்தடி ஐந்துக்கு அருமையாகவும் ஐந்தடி பத்துக்குத் தொல்லையாகவும் இருப்பது இதனால்தான். காலியான நேர்ச்சாலையில் 80-இல், பின்னால் இருப்பவரை அவர் இடது கையைத் தட்டையாக உங்கள் ஹெல்மெட்டுக்கு முன்னால் மேலும் கீழும் நகர்த்தச் சொல்லுங்கள். கலங்கிய காற்று எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியும். விளிம்பு கண் மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருப்பது நல்லது. கண்ணாடி வழியாகப் பார்த்து ஓட்டும் உயரம் வேண்டாம். மழையில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் குருடாகிவிடும்.

ஹேண்டில்பார் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை என்றால் க்ளாம்பைத் தளர்த்தி இரண்டு மூன்று டிகிரி உங்கள் பக்கம் சாய்க்கலாம். முடித்ததும் இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள்களும் ப்ரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கின்றனவா, த்ராட்டில் தானாகத் திரும்பி மூடுகிறதா என்று பார்க்காமல் ரோட்டுக்குப் போகக் கூடாது. லீவர் இரண்டும் தூரம் மாற்றும் வசதியோடு வருகின்றன. விரல் சின்னதென்றால் அதை முதலில் திருகுங்கள்.

பின்சீட்_பார்வை
சீட்டைப் பற்றி ஒன்று. காற்று நிரப்பும் சீட் கவர் வாங்குகிறவர்கள் அதை பலூன் மாதிரி ஊதிவிட்டு, "வழுக்குது, தூக்கிப் போடுது" என்று திட்டுவார்கள். உட்கார்ந்தபடியே காற்றை இறக்கி, பிட்டம் சீட்டைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது மூடியைத் திருக வேண்டும். ஜீன்ஸின் தடித்த தையல் அடியில் வராத பேண்ட் போட்டாலே பாதி வேதனை போகும்.

ஸ்பேனர்_செட்
சாமான் கட்டும் விதம் சொல்ல மறந்தேன். கனமானது பக்கப் பையில், கீழே, எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு முன்னால். ஆக்சிலுக்குப் பின்னால் டாப் பாக்ஸில் பத்து கிலோ தொங்கினால் 100-இல் ஹேண்டில் லேசாக நெளிய ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் சைலன்சர் இருப்பதால் பையைச் சைலன்சரிலிருந்து தள்ளி நிறுத்தும் சாடில் ஸ்டே கம்பி இல்லாமல் துணிப்பை தொங்கவிட்டால் உருகும். யூஎஸ்பி சார்ஜர் இருக்கிறது, மொபைல் மவுண்ட் வாங்கினால் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்தது வாங்குங்கள். பைக் அதிர்வில் ஐபோன் கேமரா கெடலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்துவிட்டது.

முந்நூற்றைம்பது
மைலேஜ் யாரும் சொல்லவில்லை. 15.7 லிட்டர் டேங்க். இரண்டு பேர், சாமான், 100 வேகம் என்றால் லிட்டருக்கு 22-25 என்று கணக்கிடுங்கள். காகிதத்தில் 345-390 கி.மீ. வரும். 280 ஆனதும் நிரப்பிவிடுவது நல்லது. 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் ஆற்றல் கொஞ்சம் குறைவு, பழைய வீடியோக்களில் சொல்லும் மைலேஜை எதிர்பார்க்காதீர்கள்.

ஹோண்டா ரெபெல் 500 பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். 191 கிலோ, நகரத்தில் தங்கமான வண்டி. ஆனால் 11.2 லிட்டர் டேங்க், பின் சீட் பெயருக்குத்தான். ஜோடியாகத் தூரம் போக அது வேண்டாம். வல்கன் எஸ் 61 குதிரை, ஓட்டுகிறவருக்குச் சொகுசு, விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

தார்ச்சாலை_மணி
ஆக, வாங்கியதும் எந்த வரிசையில்?

சாக்_கணக்கு
வண்டியோடு வரும் ஷாக்கிலேயே டயர் காற்றையும் ப்ரீலோடையும் சரிசெய்து, இரண்டு பேராக ஒரு 200 கி.மீ. மோசமான ரோட்டில் ஓட்டுங்கள். அடி தட்டுகிறது என்றால் முதல் செலவு ஷாக். அடி தட்டவில்லை, ஆனால் பிட்டம் மரத்துப்போகிறது என்றால் சீட். கழுத்து மட்டும் வலித்தால் விண்ட்ஸ்கிரீன். வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் க்ராஷ் கார்டு இதிலெல்லாம் சேராது, அதை டெலிவரி அன்றே போடுங்கள். 241 கிலோ நிற்கும் இடத்தில் சாய்ந்தாலும் கீழே விட்டுவிடத்தான் வேண்டும், பிடிக்கப் போனால் இடுப்பு. எக்ஸாஸ்ட் மாற்றம், பார் எண்ட் கண்ணாடி, அலங்காரமெல்லாம் பிறகு பார்க்கலாம்.

கொண்டைஊசி_40
குடகு என்று போட்டிருந்தீர்கள். பெங்களூரு–மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் மெயின் ரோட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்குத் தடை. கூகுள் மேப்பில் இருசக்கர வாகனம் என்று மாற்றிவிட்டுக் கிளம்புங்கள், பக்கத்தில் ஓடும் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். கார் நேரத்தை நம்பி லாட்ஜ் புக் செய்யாதீர்கள், ஒரு மணி நேரமாவது கூட வையுங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, அதில் பாதிக்கு வெள்ளைப் பெயிண்ட் இருக்காது. இருட்டுவதற்குள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.